கடலைய மொத்தமா வேக வச்சு ஃப்ரீசர்ல போடுங்க

ஞாயித்துக்கிழமை ராத்திரி அரை கிலோ கொண்டக்கடலைய ஊற வச்சு, மறுநாள் குக்கர்ல மொத்தமா வேக வச்சு, ஆறினதும் ஒரு வேளைக்கு ஒரு பைனு பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டுடுங்க. தீபாவளி முறுக்கு, பிரியாணினு ரெண்டு வாரம் ஓடினப்புறம் வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில விட்டு இறங்குறப்ப சமைக்கத் தெம்பே இருக்காது, கால் தானா ஃபுட் கோர்ட் பக்கம் போகும், ஆனா வெந்த கடலை ரெடியா இருந்தா சுண்டலோ குழம்போ 15 நிமிஷம்தான். அரை கிலோ வெந்தா ஒரு கிலோ வரும், டின்ல வர்ற வெந்த கடலையவிட மலிவு, உப்பும் நம்ம கையில. இங்க இருக்கிற வெக்கைக்கு வெளிய ஊற வச்சா வாடை வந்துடும், ஃப்ரிட்ஜ்லயே வைங்க. பாசிப்பருப்பு, மைசூர் பருப்புக்கு இதெல்லாம் தேவையில்ல, ஊறாமலே சட்டுனு வெந்துடும். உருளைக்கிழங்கு சேத்த குழம்ப மட்டும் ஃப்ரீஸ் பண்ணாதீங்க, கிழங்கு சொதசொதனு ஆயிடும்.