ஐயாவின் கொலஸ்ரோல் ரிப்போட்டை வாசிப்பது எப்படி?

ரிப்போட் வீட்டுக்கு வந்தால் எங்கட பக்கத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால் அன்றோடு முட்டைக்கும் தேங்காய்க்கும் தடை. இல்லாவிட்டால் "ஒண்டுமில்லையாம்" என்று அது அலுமாரிக்குள் போய்விடும். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இரண்டுமே பிழையாகலாம். இதை வாசித்து மருந்தை நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டாம். டொக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகத்தான் இது.

படி 1: இரத்தம் கொடுக்கும் நாள்

பெரும்பாலும் 9 முதல் 12 மணித்தியாலம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். தேத்தண்ணி வேண்டாம், ஆனால் தண்ணீர் குடிக்கலாம். என் அம்மம்மாவுக்கு இது தெரியாது. மல்லாவியிலிருந்து முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து, நம்பர் எடுத்து, பத்து மணிவரை ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்தவர் வாங்கிலேயே சரிந்துவிட்டார். "பச்சைத் தண்ணியும் கூடாதெண்டு நினைச்சன் மோனை" என்றார் பிறகு. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் என்றால், அன்று காலை மருந்தை என்ன செய்வது என்று அதற்கு முந்தின கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். இரத்தம் எடுத்த கையோடு சாப்பிட வாழைப்பழமும் பாணும் பைக்குள் இருக்கட்டும்.

கடும் காய்ச்சலோ சத்திரசிகிச்சையோ கழிந்து சில கிழமைகளுக்குள் எடுத்தால் எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். அப்படியென்றால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: நான்கு வரிகள்

மொத்தக் கொலஸ்ரோல், எல்டிஎல், எச்டிஎல், ட்ரைகிளிசரைட். இரத்தக் குழாயின் சுவரில் படிந்து அடைப்பது எல்டிஎல்; நீங்கள் முதலில் தேட வேண்டிய வரி அதுதான். எச்டிஎல் என்பது "நல்ல கொலஸ்ரோல்"; ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 இற்குக் கீழே போனால் குறைவு. ட்ரைகிளிசரைட் இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு; 150 இற்குள் இருந்தால் நல்லது. இவை மில்லிகிராம் கணக்கு (ரிப்போட்டில் mg/dL). எண்கள் 5.4, 3.6 என்று சின்னனாக இருந்தால் அது மில்லிமோல் கணக்கு (mmol/L). கொலஸ்ரோல் வரிகள் மூன்றையும் 38.67 ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.57 ஆலும் பெருக்கினால் மில்லிகிராமுக்கு வரும்.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

ஐயாவின் மொத்தம் 212, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைட் 170 என்று வைப்போம். 170 ஐ 5 ஆல் பிரித்தால் 34. 212 இலிருந்து 38 ஐயும் 34 ஐயும் கழித்தால் 140. அதுதான் எல்டிஎல். பல ஆய்வுகூடங்கள் எல்டிஎல்லைத் தனியே அளப்பதில்லை, இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் போடுகின்றன. ட்ரைகிளிசரைட் 400 ஐத் தாண்டினால் இந்தக் கணக்குச் சரிவராது.

படி 4: எண்ணை ஆளுக்குப் பக்கத்தில் வையுங்கள்

பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். அதே 140, பிறஷரும் சீனியும் இல்லாத 45 வயது அக்காவுக்கு ஒரு கதை; 68 வயதில் பிறஷர் குளிசையும் சுருட்டுமாக இருக்கிற ஐயாவுக்கு வேறு கதை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட நிற அட்டவணை, வயது, ஆணா பெண்ணா, புகைத்தல், பிறஷர், சீனி வருத்தம், மொத்தக் கொலஸ்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடுத்த பத்து ஆண்டுக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பைச் சொல்கிறது. 10 பேரில் ஒருவர், 5 பேரில் ஒருவர் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். அட்டவணை 40 முதல் 74 வயதுவரைக்கும்தான். ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கு இது தேவையுமில்லை. அவர் ஆபத்தான பக்கத்தில்தான் நிற்கிறார், எல்டிஎல்லை 70 இற்குக் கீழே கொண்டுவரத்தான் டொக்டர்மார் பார்ப்பார்கள்.

இன்னொன்று. முதியவரின் கொலஸ்ரோல் மருந்தில்லாமல் தானாகக் குறைந்துகொண்டு போனால் சந்தோசப்பட அவசரப்படாதேங்கோ. சாப்பாடு குறைந்து, உடம்பு மெலிந்து, உள்ளே வேறு வருத்தம் இருந்தாலும் எண் இறங்கும். சாரம் இடுப்பில் நிற்குதில்லை என்று ஐயா சொன்னால் அந்தப் பேச்சையும் ரிப்போட்டோடு டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

படி 5: குசினி

தேங்காயில் கொலஸ்ரோல் இல்லை. ஆனால் தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி எல்டிஎல்லை ஏற்றும் கொழுப்பு. அதற்காகக் குழம்பை வெறும் தண்ணியில் வைக்கச் சொல்லவில்லை. முதற்பாலைக் குறைத்துக் கப்பிப்பாலில் வையுங்கள், பொரிப்பதைக் கிழமைக்கு ஒருநாளாக்குங்கள், தாளிப்புக்கு நல்லெண்ணெய் எடுங்கள். முட்டையையும் மீனையும் நிறுத்திக் கஞ்சியோடு விடுவதுதான் எனக்குப் பிடிக்காத வைத்தியம். வயதில் தசை கரைந்தால் விழுந்து எலும்பு முறியும். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்து மீனோ முல்லைத்தீவுக் கடல் மீனோ, பயறோ கௌபியோ தாராளமாகக் கொடுக்கலாம். கருவாட்டில் பயம் கொழுப்பல்ல, உப்பு, பிறஷரை ஏற்றிவிடும். சுருட்டை விடவைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை.

படி 6: குளிசை

"குறைஞ்சிட்டுதாம், இனி வேண்டாம்தானே?" என்பது எல்லாக் கிளினிக் வரிசையிலும் கேட்கிற கேள்வி. எண் இறங்கியது கொலஸ்ரோல் குளிசையால்தான். விட்டால் திரும்ப ஏறும். மாரடைப்பு வந்தவர் தானாக நிறுத்தவே கூடாது. 75 தாண்டி, இதய வருத்தமே இல்லாதவருக்குப் புதிதாகத் தொடங்குவதா என்பது டொக்டரோடு இருந்து கதைத்து எடுக்கிற முடிவு. காரணமில்லாமல் தொடையும் தோளும் உளைந்தால், தேநீர் நிறத்தில் சலம் போனால் உடனே சொல்லுங்கள். காய்ச்சல், சளிக்கு வேறிடத்தில் மருந்து எடுக்கும்போதும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். சில அன்ரிபயோற்றிக் இந்தக் குளிசையோடு ஒத்துவராது.

படி 7: இரவு இரண்டு மணிக்கு

முதியவர்களுக்கு, குறிப்பாகச் சீனி வருத்தக்காரருக்கு, மாரடைப்பு நெஞ்சு நோவாகவே வராமல் விடலாம். மூச்சு இளைப்பு, குளிர் வியர்வை, திடீர்க் களைப்பு, மேல்வயிற்றில் ஒரு பாரம். "வாய்வுக் குத்து" என்று உள்ளியும் இஞ்சித் தேத்தண்ணியும் கொடுத்து விடியும்வரை பார்க்காதேங்கோ. 1990 இற்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. ஒழுங்கை தெரியும்படி படலையில் ஒருவர் ரோச் லைற்றோடு நிற்கட்டும், கிளினிக் கொப்பி அவர் கையில் இருக்கட்டும்.