வராதவருக்கும் கேட்க வேண்டும்: கூட்டங்களைப் பதிவு செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் தொடக்கத்தில் பாரம்பரிய நெல் விதைக் கூட்டம் வைத்தால் வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அதற்குள் குறுவைக்கு நாற்றங்கால் வேலை இருக்கும். மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். "வீடியோ எடுத்துப் போடுங்க தம்பி, பாத்துக்கறேன்" என்பார்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் நடத்தும் இந்த மாதிரிக் கூட்டங்களைச் சில வருடங்களாக நான்தான் பதிவு செய்கிறேன். முதல் வருடப் பதிவை என்னாலேயே முழுதாகப் பார்க்க முடியவில்லை.

காரணம், ஒலி. கேமராவை மண்டபத்தின் கடைசியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, அதிலேயே இருந்த மைக்கை நம்பினேன். மின்விசிறி, பந்தியில் கரண்டி விழும் சத்தம், வாசலில் ஜெனரேட்டர் எல்லாம் கணீரென்று பதிவாகியிருந்தன. பேசியவர் மட்டும் கிணற்றுக்குள் இருந்தார். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் ரெண்டு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். அதனால் கையில் இருக்கிற காசு முதலில் மைக்குக்குப் போகட்டும்.

பெரிய செலவு வேண்டாம். ஒரு காலர் மைக்கைப் பழைய போனில் செருகி, ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேச்சாளரின் சட்டைப் பையில் போட்டால் போதும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு: நம் ஊர்ப் பெரியவர்கள் தோளில் துண்டு. துண்டு உரசினால் நாற்பது நிமிடமும் சரசரவென்றுதான் கேட்கும். மைக்கைத் துண்டு படாத பக்கமாகக் குத்துங்கள். பிறகு கேமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். படத்தையும் ஒலியையும் கணினியில் சேர்க்கும்போது அந்தத் தட்டல்தான் அடையாளம்.

மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து நேராக ஒயர் எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் அங்கிருந்து வரும் ஒலி, கேமராவின் மைக் துளைக்கு அதிகம். குறைக்காமல் செருகினால் பேச்சு கரகரவென்று உடையும். உடைந்த ஒலியைப் பின்னால் முழுதாகச் சரிசெய்ய வழி இல்லை. எந்த வழியில் எடுத்தாலும் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் சிவப்புப் புள்ளி மின்னுவதைப் பார்த்து நிம்மதியாக டீ குடிக்கப் போன அனுபவம் எனக்கு இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் மைக் ஒயர் கழன்று கிடந்தது.

கேள்வி நேரம்தான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "மைக்கெல்லாம் எதுக்கு, என் தொண்டையே போதும்" என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது. பதிவிலோ இருபது விநாடி முணுமுணுப்பு, அப்புறம் மேடையிலிருந்து, "ஆமாங்கய்யா, நீங்க சொல்றதுதான் சரி." எது சரி என்று துபாயில் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மறந்துவிடுவார்கள், முன்வரிசையில் உட்கார்ந்து சைகை காட்ட ஒரு ஆள் வேண்டும்.

இதே மாதிரிதான் "இதப் பாருங்க" என்பதும். பேச்சாளர் கையில் ஒரு கதிரைத் தூக்கிக் காட்டி, "இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்கிறார். கேமரா ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பூங்காரா, மாப்பிள்ளைச் சம்பாவா, கருப்புக் கவுனியா? பெயரை வாயால் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொரு போனில் கையைக் கிட்டத்தில் எடுங்கள்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடைக்குப் பின்னால் திறந்த சன்னல் இருந்தால் முகம் கருப்பாகும், மூடிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் விளக்கு மினுக்குவது பெரும்பாலும் நிற்கும்.

கரண்ட் போகும் என்பதை மறப்பதும் ஒரு தவறு. மடிக்கணினியில் ஓபிஎஸ் மென்பொருளால் பதிவு செய்பவர்கள் கோப்பை எம்.கே.வி. வடிவத்தில் வையுங்கள். சாதாரண எம்.பி.4 என்றால் நடுவில் கணினி அணைந்தால் அதுவரை பதிவானதும் திறக்காமல் போகலாம். போனில் எடுத்தால் விமான முறையில் போடுங்கள். மச்சான் அழைப்பு வந்து பதிவு நின்றுபோன கதை பல ஊர்களில் உண்டு. இடத்தையும் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 130 எம்.பி. என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 47 ஜி.பி. ஆகும். பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடம் எடுக்கும் கருவியை ஐரோப்பியச் சுங்கம் வீடியோ கேமராவாகக் கருதி வரி போட்டதால் வந்த வினை அது. நம் மண்டபத்தில் வந்து விடிகிறது.

பேசுபவரிடம் அனுமதி கேட்காமல் எடுக்காதீர்கள். சில பெண்கள் குரலுக்குச் சரி என்பார்கள், முகத்துக்கு வேண்டாம் என்பார்கள். அதை மேடை ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். இடைவேளையில் சினிமாப் பாட்டு ஓடினால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் யூடியூபில் உரிமைக் கோரல் வந்து நிற்கும்.

முழு நாளையும் ஒரே நீள வீடியோவாக ஏற்றி, "பகுதி 3" என்று தலைப்பு வைத்தால் யாரும் தேடி எடுக்க முடியாது. ஒவ்வொரு உரையும் தனித்தனியாக, பேசியவர் பெயரும் நெல்லின் பெயரும் தலைப்பில் வரட்டும். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறைந்தார். அதற்குப் பிறகு விவசாயத்துக்கு வந்தவர்கள் அவரைப் பதிவில்தான் கேட்கிறார்கள். பேசியவர் பெயரையும் பொருளையும் போட்டுத்தான் அவர்கள் தேடுகிறார்கள். கூடவே ஒலி மட்டும் உள்ள ஒரு பிரதியும் கொடுங்கள். 64 கேபிபிஎஸ் அளவில் அரை மணி நேரப் பேச்சு 15 எம்.பி.க்குள் அடங்கும். வரப்பில் நிற்பவர் அதைத்தான் கேட்பார். ஒலி ஒரு காதில் மட்டும் கேட்காமல் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும்படி மோனோவாக மாற்றிவிடுங்கள்.

இரண்டு இடங்களில் நகல் எடுத்து, திறந்து பார்த்து, கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று உறுதிசெய்யும் வரை மெமரி கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். குறிப்பாக, அடுத்த நாள் நிச்சயதார்த்தம் எடுக்கப் போகிற நண்பரிடம்.