ஜூன் 15, இரவு 12 மணி: கல்லூரி விளையாட்டுத் தேர்வில் பெற்றோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை நீச்சல், டென்னிஸ், ஓட்டம் என்று எதையாவது தீவிரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகளில் ஜூன் 14 இரவு யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் விதிப்படி, அதன் மூன்று பிரிவுகளில் மேல்மட்டமான டிவிஷன் 1-ன் கோச்சுகள் பெரும்பாலான விளையாட்டுகளில் ஜூன் 15 முதல்தான் அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் அணித் தேர்வு பற்றிப் பேசலாம், மெசேஜ் அனுப்பலாம். மணி பன்னிரண்டைத் தாண்டியதுமே சில பிள்ளைகளின் ஃபோன் அதிர ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் வைத்த ஃபோன் ஒரு மணி வரை சும்மாவே கிடந்தது. "சரி, நான் தூங்கறேன்" என்று மகள் எழுந்து போனாள்.

அவள் நீச்சல் ஒன்றும் மோசமில்லை. அதுவரை எந்தக் கோச்சுக்கும் நாங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஜூன் 15-க்கு முன் தொடர்பு கொண்டால் விதிமீறல் ஆகிவிடும், பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். அந்த விதி கோச்சின் வாயைத்தான் கட்டுகிறது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே மெயில் அனுப்பலாம், தன் டைம்களை எழுதலாம், வீடியோ இணைக்கலாம். கோச் அதைப் படிப்பார், பெயரைக் குறித்துக்கொள்வார், பதில் மட்டும் போட முடியாது. பதில் வராததைப் பார்த்து 'நம்மைப் பிடிக்கவில்லை போல' என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. பேஸ்பால், சாஃப்ட்பால், லக்ராஸ், ஐஸ் ஹாக்கி ஆகியவற்றுக்குத் தேதிகள் வேறு. டிவிஷன் 3 கோச்சுகளுக்கு மெயில் அனுப்பவும் ஃபோன் செய்யவும் இப்படித் தேதிக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே உங்கள் விளையாட்டுக்கான காலண்டரை என்சிஏஏ தளத்திலேயே பாருங்கள். பக்கத்து வீட்டுக் கால்பந்து அப்பா சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழக முத்திரை போட்ட டி-ஷர்ட்டோடு ஒரு கோச் குளத்தின் ஓரம் நின்று என் மகளின் ரேஸ் முழுவதையும் பார்த்தார். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு எதிரே வந்தபோது "ஹலோ" என்று தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். "என்ன திமிர் பாரு!" என்றார் என் மனைவி. பிறகுதான் தெரிந்தது, அந்த வயதுப் பிள்ளையிடம் அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவருக்குத்தான் சிக்கல்.

ஃபோன் அடிக்காத அந்த ஜூன் 15 காலை, மெயில் எழுத உட்கார்ந்தது நான். நம் வீடுகளில் அப்பாதானே எல்லா விண்ணப்பமும் எழுதுவார்! மூன்று பத்தி, பள்ளியில் வாங்கிய பரிசுகள், பரதநாட்டிய அரங்கேற்றம் எல்லாம் போட்டேன். அவளுடைய கிளப் கோச் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கல்லூரி கோச் நான்கு வருடம் பழகப்போவது பிள்ளையோடு. அப்பா எழுதியது முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். மகளே எழுதிய ஐந்து வரியில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, முக்கிய நிகழ்வுகளின் டைம், ஏன் அந்தக் கல்லூரி என்பது மட்டும் இருந்தது. இந்தியாவிலிருந்து எழுதும் நீச்சல் பிள்ளைகளுக்கு ஒன்று: நீங்கள் தருவது 50 மீட்டர் குளத்தின் டைம். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 யார்டு குளத்தில் நடக்கின்றன. மீட்டரா யார்டா என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கேம்ப் அழைப்பிதழ் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. கெட்டித் தாளில், பிள்ளையின் பெயர் அச்சடித்து, "உன்னை எங்கள் கோடை முகாமுக்கு அழைப்பதில் மகிழ்ச்சி" என்று வரும். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்த வீடுகளை நான் அறிவேன், எங்கள் வீடு உட்பட. கல்லூரிகள் நடத்தும் முகாம்கள் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது என்சிஏஏ விதி. பணம் கட்டினால் சேரலாம், அவ்வளவுதான் அந்தக் கடிதத்தின் பொருள். பிள்ளைக்கு அந்தக் கல்லூரி உண்மையிலேயே பிடித்திருந்தால் போகட்டும். கடிதம் வந்ததை ஆஃபர் வந்ததாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவள் மெயிலுக்கு முதலில் பதில் போட்ட கோச் கேட்டது டைம் இல்லை, மார்க் பட்டியல். பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

டிவிஷன் 1-ல் ஆட வேண்டுமென்றால் பள்ளியில் 16 'கோர்' (அடிப்படைப்) பாடங்கள் முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் 4, ஆல்ஜீப்ரா 1-க்குக் குறையாத கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2, மீதி இவற்றிலிருந்தும் வேற்றுமொழி போன்றவற்றிலிருந்தும். அந்தப் பாடங்களில் மட்டும் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.3 வேண்டும். டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் தேவை என்ற விதியை 2023-ல் எடுத்துவிட்டார்கள் (கல்லூரியின் சொந்த அட்மிஷன் அலுவலகம் கேட்டால் அது வேறு விஷயம்). கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. பொறி எங்கே என்றால், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் அந்த 16-ல் 10 முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மார்க் அத்தோடு பூட்டப்பட்டுவிடும். பிறகு அதே பாடத்தைத் திரும்ப எழுதி மார்க்கை ஏற்ற முடியாது.

நண்பரின் மகன் நல்ல ஓட்டக்காரன். ஜியாமெட்ரியில் தோற்றுவிட்டு, கோடை விடுமுறையில் ஆன்லைனில் மூன்று வாரத்தில் முடித்துவிட்டான். பள்ளி அதை ஏற்றுக்கொண்டது, டிரான்ஸ்கிரிப்டில் 'பி' என்று ஏறியும்விட்டது. என்சிஏஏ ஏற்கவில்லை. ஆசிரியரோடு தொடர்பே இல்லாமல் திரையில் கிளிக் செய்து முடிக்கும் பாடங்களை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளிக்குப் போதும் என்றால் என்சிஏஏ-வுக்கும் போதும் என்று அவர்கள் நினைத்ததுதான் பிழை. ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட கோர் பாடங்களின் பட்டியல் என்சிஏஏ-வின் எலிஜிபிலிட்டி சென்டர் தளத்தில் இருக்கிறது. பாடம் எடுப்பதற்கு முன் அதில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி கவுன்சிலருக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். அவர் கையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

இந்தியாவிலிருந்து வர நினைக்கும் குடும்பங்களுக்கு வேறு பள்ளங்கள். வழி இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சென்னையில் டென்னிஸ் கற்று வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். டெல்லித் தமிழ்க் குடும்பத்தின் தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட் மாணவராக 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் வென்றார். டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடும் தட்சிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்.

ஆனால் பிளஸ் டூ முடித்ததும் "ஒரு வருஷம் டோர்னமெண்ட் ஆடி ரேங்கிங்கை ஏத்திட்டு அப்புறம் போகலாம்" என்று நம் ஊரில் சொல்வார்கள். டிவிஷன் 1 டென்னிஸில் பள்ளி முடித்த ஆறு மாதத்துக்குள் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் கல்லூரி ஆட்டக்காலத்தில் ஒரு ஆண்டு கழிந்துவிடும் என்பது நெடுநாள் விதி. பெரும்பாலான மற்ற விளையாட்டுகளில் அந்த அவகாசம் ஒரு வருடம். பரிசுப் பணமும் இப்படித்தான். கல்லூரியில் சேருமுன் டென்னிஸ்காரர்கள் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வாங்கலாம், அதற்கு மேல் செலவுக் கணக்கு காட்டினால்தான் என்று இருந்தது. அதை எதிர்த்து ரீஸ் பிராண்ட்மயர் என்ற வீராங்கனை 2024-ல் வழக்குப் போட்டார். இப்போது எந்த விதியும் அசையாமல் நிற்பதில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். விமானம், ஹோட்டல், கோச் ஃபீஸ் ரசீதுகளை மட்டும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

அப்புறம் ஏஜெண்ட். "ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் கொடுங்கள்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கோச்சுகளுக்கு விவரம் அனுப்பித் தருவதற்கு நிலையான கட்டணம் வாங்கலாம். இடம் கிடைத்தால் இவ்வளவு என்று பேசினால் பிள்ளையின் அமெச்சூர் (தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர் என்ற) தகுதிக்கே ஆபத்து. ஆட்டமே தெரியாத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டிக் கல்லூரிகளில் நுழைத்த ரிக் சிங்கர் 2023-ல் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றது உலகறிந்த கதை. சரி, யாரோ ஒருவர் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரும் பிள்ளையிடம் விளம்பர வருமானம் பற்றி ஆசை காட்டினால், முதலில் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். அந்த விசாவில் வேலை செய்யக் கட்டுப்பாடு உண்டு.

பணம் என்று வந்துவிட்டதால் 'ஃபுல் ஸ்காலர்ஷிப்' என்ற மாயையையும் பார்த்துவிடுவோம். டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸ் அணிக்கு வெகுகாலம் மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான். அதை எட்டு, ஒன்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. டென்னிஸில் 10 பேர். எல்லோருக்கும் முழுப் பணம் கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது, கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. ஹார்வர்ட் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக்கிலும் டிவிஷன் 3-லும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் டிவிஷன் 3 கல்லூரி ஒன்று படிப்புக்காகக் கொடுத்த சலுகை, டிவிஷன் 1 காட்டிய கால்வாசி ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாக இருந்ததை எங்கள் மேசைமேலேயே பார்த்தோம்.

அணியில் எத்தனை பேர் என்ற அந்த வரம்பால்தான் வாய்வார்த்தை கமிட்மெண்ட் முன்பைவிடப் பலவீனமாகிவிட்டது. பிள்ளை இன்ஸ்டாகிராமில் கல்லூரித் தொப்பியோடு படம் போட்டுவிடும், நாமும் இனிப்பு கொடுத்துவிடுவோம். அது இரு தரப்பையும் கட்டாது. கோச் வேலை மாறலாம், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து இருபத்தொரு வயது ஆட்டக்காரர் ஒருவர் அந்த இடத்துக்கு வரலாம். ஆகவே மற்ற கோச்சுகளுக்கு நன்றி சொல்லிக் கதவைச் சாத்த அவசரப்படாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் ஆகஸ்ட் 1 முதல்தான் டிவிஷன் 1 கல்லூரிகள் எழுத்தில் ஆஃபர் தரலாம். அந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிள்ளை முன்பு கையெழுத்திட்ட 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' 2024 அக்டோபரில் ரத்தாகி, இப்போது நிதியுதவி ஒப்பந்தமே கையெழுத்துக்கு வருகிறது. அந்தத் தாள் வரும்போது தொகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, எத்தனை ஆண்டுக்கு என்ற வரியைத் தேடுங்கள். எங்களுக்கு வந்த முதல் தாளில் அது "ஒரு கல்வியாண்டு" என்றிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் மகள்தான்.