வயரிங் வேலைக்குப் பணம் ஒதுக்கும் முன்

எலக்ட்ரீசியனிடம் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன்னால், நோட்டும் பென்சிலுமாக அறை அறையாகப் போய் எங்கே எத்தனை பாயின்ட் வேண்டும், ஏசி, கீசர் மாதிரி அதிக கரன்ட் இழுப்பவை எங்கே வரும் என்று எழுதிவிடுங்கள். கூலி தனி, பொருள் தனி என்று கொட்டேஷன் வாங்குங்கள். சுவர் வெட்டுவது, பூச்சு, பெயின்ட் யார் கணக்கு என்பதையும் அப்போதே கேளுங்கள், பெரும்பாலும் சண்டை வருவதே அங்கேதான். பட்ஜெட் இடித்தால் ஃபேன்ஸி சுவிட்சைக் குறையுங்கள், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போகும் வயர், எர்த்திங், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்), இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். அப்புறம், பழைய வீடு என்றால் 15 சதவீதமாவது கூடுதலாக எடுத்து வையுங்கள். சுவிட்ச் போர்டைக் கழற்றினால்தான் வயரின் இன்சுலேஷன் பொடிப்பொடியாக உதிர்வதே தெரியும்.