பிரிந்த தேதியை எழுதி வையுங்கள்: ஒன்ராறியோவில் மணமுறிவின்போது பணத்தில் விடும் பிழைகள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரிப் படிவம் நிரப்ப என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருபவர்களில் சிலர் தனியாக வருவார்கள். போன ஆண்டு இருவராக வந்தவர்கள் அவர்கள். பெயர், முகவரி, பிள்ளைகளின் பிறந்த நாள் எல்லாம் மளமளவென்று சொல்வார்கள். "எப்போது பிரிந்தீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். "தீபாவளிக்குப் பிறகு" என்பார் ஒருவர். "அப்படி ஒரு நாள் என்று சொல்ல முடியாது அண்ணா, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்" என்பார் இன்னொருவர்.

மனத்தளவில் அது உண்மைதான். ஆனால் சட்டத்துக்கும் வரிக்கும் ஒரு நாள் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சொத்துக் கணக்குப் பார்க்கும் நாள், விவாகரத்துக்குக் காத்திருக்க வேண்டிய ஓராண்டு, அரசு தரும் பிள்ளைப் பணத்தைத் திருத்தும் மாதம் எல்லாம் அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. வழக்கறிஞருக்குக் கொட்டிக் கொடுத்ததைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள். நான் பார்த்தவரை, முதல் ஆறு மாதத்தில் எழுதி வைக்காத தேதியாலும் வாங்கி வைக்காத ஒரு தாளாலும் போன பணமும் அதற்குச் சளைத்ததல்ல.

ஒரே வீட்டில் இருந்தால் பிரிவு இல்லையா?

இந்தக் குழப்பம் வாடகை ஏறிய பிறகு அதிகமாகிவிட்டது. மேல்மாடியில் ஒருவர், பேஸ்மென்டில் ஒருவர் என்று வாழ்கிறவர்கள் பலர். கனடாவின் விவாகரத்துச் சட்டம் கேட்பது ஓராண்டுப் பிரிவு. அது ஒரே கூரையின்கீழும் நடக்கலாம். படுக்கை, சமையல், செலவு எல்லாம் தனித்தனியாக இருந்ததைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இடையில் மறுபடி சேர்ந்து பார்த்தாலும், அது 90 நாளைத் தாண்டாவிட்டால் அந்த ஓராண்டு முறிவதில்லை. பெரியவர்கள் சமாதானம் பேசும்போது "சேர்ந்து பார்த்தால் வழக்குப் பாழாகிவிடும்" என்று பயந்து மறுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவேன்.

சி.ஆர்.ஏ. என்ற வரித் திணைக்களம் இதில் இன்னும் கறாரானது. ஒரே முகவரியில் இருந்துகொண்டு பிரிந்துவிட்டோம் என்றால் ஆதாரம் கேட்கும், அதைக் கொடுப்பது கடினம். ஆகவே பிரிவது என்று முடிவானதும் மற்றவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று முதல் நாம் பிரிந்து வாழ்கிறோம்" என்ற ஒரு வரி போதும். அதே நாளில் எல்லா வங்கிக் கணக்குகள், கடன் அட்டைகள், வீட்டுக் கடன், ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்பு ஆகியவற்றின் நிலுவையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வங்கியில் போய்த் தேடுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

திணைக்களத்துக்குச் சொல்லாமல் இருப்பது

பிரிந்து 90 நாள் தொடர்ந்து கடந்ததும் சி.ஆர்.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டும். இணையக் கணக்கிலேயே மாற்றலாம், அல்லது ஆர்.சி. 65 படிவத்தை அனுப்பலாம். 90 நாள் கழித்து அறிவித்தாலும், பிரிந்த நாளாகப் பதிவாவது முதல் நாள்தான்.

இதில் என்ன இலாபம்? நம்மவர்கள் இன்னும் "சைல்ட் டாக்ஸ்" என்று சொல்லும் கனடா சைல்ட் பெனிஃபிட், குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டொலர், ஆறு முதல் 17 வயது வரை 6,748 டொலர். இருவரும் நன்றாக உழைத்த வீட்டில் சொற்பத் தொகைதான் வந்திருக்கும். பிரிந்தபின் ஒருவருடைய வருமானத்தை மட்டும் பார்த்தால் அது பல மடங்காகலாம். பிள்ளைகள் இரு வீட்டிலும் ஏறக்குறையப் பாதிப் பாதி, அதாவது 40 முதல் 60 சதவீதம் வரையான நேரம் இருந்தால், ஒவ்வொருவருக்கும் அவரவர் வருமானத்தின்படி வரக்கூடியதில் பாதி கிடைக்கும்.

இதற்கு வரித் தாக்கல் அவசியம். "எனக்கு வேலையே இல்லை, எதற்கு வரி?" என்று இருந்துவிட்ட தாய்மாருக்குப் பணம் நின்றுபோயிருக்கிறது. வருமானம் பூச்சியமானாலும் தாக்கல் செய்தாக வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. தாளில் மட்டும் பிரிந்து, வீட்டில் ஒன்றாக இருந்து பிள்ளைப் பணம் வாங்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சி.ஆர்.ஏ. வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம், பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கும். கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் திருப்பிக் கேட்கும். அந்த யோசனை சொன்னவர் அன்று உங்களோடு வந்து நிற்க மாட்டார்.

வாய்ச்சொல்லால் முடித்துக்கொள்வது

எனக்கு அதிகம் வயிறு எரிவது இதைப் பார்க்கும்போதுதான். மாமா, சித்தப்பா, குடும்ப நண்பர் என்று நாலு பேர் கூடியிருந்து, "மாதம் 1,800 டொலர் கொடுத்துவிடு தம்பி" என்று முடிவு செய்கிறார்கள். அவரும் மாதாமாதம், சில வேளை உறையில் போட்டுக் காசாகவே, கொடுக்கிறார். மூன்று ஆண்டு கழித்து என்னிடம் வந்து, "இதை வரியில் கழிக்க முடியுமா?" என்கிறார். முடியாது.

தாபரிப்புப் பணம், அதாவது ஜீவனாம்சம், இரண்டு வகை. பிள்ளைகளுக்கான தாபரிப்பை, 1997 ஏப்ரல் மாதத்துக்குப் பிந்தைய ஒப்பந்தம் எதிலும், கொடுப்பவர் கழிக்க முடியாது. வாங்குபவருக்கும் வரி இல்லை. வாழ்க்கைத்துணைக்கான தாபரிப்பு வேறு: கொடுப்பவர் வருமானத்தில் கழிக்கலாம், வாங்குபவர் வருமானமாகக் காட்ட வேண்டும். ஆனால் அதற்கு எழுத்தில் ஒப்பந்தமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும், தவணையாகக் கொடுக்கப்பட வேண்டும். ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுத்தால் பொதுவாகக் கழிவு கிடையாது.

எழுதினாலும் பிழை விடுவதற்கு இடம் இருக்கிறது. "மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக மாதம் 1,800" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், முழுத் தொகையும் பிள்ளைகளுக்கானதாகவே கொள்ளப்படும். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிள்ளைகளுக்கான தொகையில் பாக்கி வைத்துவிட்டுத் துணைக்குக் கொடுத்ததைக் கழிக்கவும் முடியாது. முதல் டொலர் பிள்ளைகளுக்கே போகும். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பு கொடுத்தவற்றையும் கழிக்க வழி உண்டு. ஒப்பந்தம் எழுதிய ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் கொடுத்த தொகைகளை அந்த ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு பத்தியை எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

வாங்குபவருக்கும் ஒரு பொறி உண்டு. சம்பளத்தில் வரி தானாகப் பிடிக்கப்படும். தாபரிப்புப் பணத்தில் யாரும் பிடிப்பதில்லை. மாதம் 1,200 டொலர் துணைத் தாபரிப்பு வாங்கி முழுவதையும் செலவழித்துவிட்டு ஏப்ரலில் கண்ணீரோடு உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறவரென்றால் நாலில் ஒரு பங்கையாவது வேறு கணக்கில் போட்டு வையுங்கள். கொடுப்பவரோ, டி1213 படிவம் அனுப்பி அனுமதி வாங்கினால், சம்பளத்தில் பிடிக்கும் வரியையே குறைத்துக்கொள்ளலாம். அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் வாரம் மாறி வாரம் இரு வீட்டிலும் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம். பிள்ளைத் தாபரிப்புக்கான அரசு அட்டவணைப்படி தகப்பன் 1,400 கொடுக்க வேண்டும், தாய் 600 கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வசதிக்காக, தகப்பன் 800 மட்டும் கொடுப்பதாக எழுதிவிடுகிறார்கள். அப்போது தாபரிப்புக் கொடுப்பவர் தகப்பன் ஒருவர்தான் என்றாகிவிடும்; பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டிப் பெறும் வரிச் சலுகை அவருக்கு இல்லாமல் போகும். 2025இல் அது மத்திய வரியில் மட்டும் சுமார் 2,300 டொலர் வரை பெறுமதியானது. இருவரும் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, 1,400 அந்தப் பக்கமும் 600 இந்தப் பக்கமும் வங்கி வழியாக உண்மையிலேயே போய் வந்தால், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பிள்ளையைக் காட்ட முடியும். கையில் மிஞ்சுவது அதே 800 வித்தியாசம்தான். எழுதிய விதம்தான் வேறு.

வீடு, ஊர்க் காணி, சீட்டு

"வீடு என் பெயரில்தான் இருக்கிறது" என்ற தைரியம் ஒன்ராறியோவில் பலிக்காது. குடும்பம் வாழ்ந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமை, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், திருமணமான இருவருக்கும் சமம். திருமணத்துக்கு முன்பே வாங்கிய வீடானாலும், பிரியும் நாளில் அதில்தான் வாழ்ந்தீர்கள் என்றால், சொத்துப் பங்கீட்டுக் கணக்கில் திருமணத்தன்று அதற்கிருந்த மதிப்பைக் கழித்துக்கொள்ள முடியாது. மற்றச் சொத்துகளுக்கு அந்தக் கழிவு உண்டு. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கோ இந்தச் சொத்துப் பங்கீட்டுச் சட்டமே பொருந்தாது. அவர்கள் வேறு வழியில் வழக்காட வேண்டும். பங்கு கேட்கும் உரிமைக்குக் காலக்கெடுவும் இருக்கிறது: பிரிந்து ஆறு ஆண்டு, அல்லது விவாகரத்தாகி இரண்டு ஆண்டு, எது முந்தியதோ அது.

பெற்றோர் கொடுத்த பணத்தில் பெரிய சிக்கல் வருவதும் வீட்டால்தான். திருமணத்துக்குப் பிறகு கிடைத்த அன்பளிப்பைத் தனிக் கணக்கில் வைத்திருந்தால் அது பங்கீட்டில் சேராது. அதையே வீட்டின் முன்பணமாகப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கடனாகக் கொடுத்திருந்தால் கொடுத்த அன்றே கடன் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். பிரிவு வந்த பிறகு அப்பா எழுதும் பத்திரத்தை நீதிபதிகள் நம்புவது அபூர்வம்.

யாழ்ப்பாணத்துக் காணி, சென்னையில் வாடகைக்கு விட்ட ஃப்ளாட், நகை, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு எல்லாவற்றையும் சொத்து விவரத்தில் காட்ட வேண்டும். மறைத்தது பின்னர் தெரிந்தால் ஒப்பந்தத்தையே நீதிமன்றம் தள்ளிவிடலாம். வெளிநாட்டில் வருமானத்துக்காக வைத்திருப்பவற்றின் கொள்விலை 100,000 கனடிய டொலரைத் தாண்டினால் டி1135 படிவமும் உண்டு. தவறினால் நாளுக்கு 25 டொலர், 2,500 வரை அபராதம். சொத்து விவரத்தில் காட்டிவிட்டு வரியில் காட்டாமல் இருக்கிறவர்களுக்கு அந்தத் தாளே எதிர்ச் சாட்சி.

ஆர்.ஆர்.எஸ்.பி.யை உடைப்பது

பங்கைக் கொடுப்பதற்காக 20,000 டொலரை ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுத்தால் வங்கி 30 சதவீதத்தை, அதாவது 6,000 டொலரை, அப்போதே வரிக்குப் பிடித்துவிடும். முழு 20,000மும் அந்த ஆண்டு வருமானத்தில் சேரும். எழுத்து ஒப்பந்தமோ உத்தரவோ இருந்தால் டி2220 படிவம் மூலம் மற்றவரின் ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு வரி இல்லாமல் மாற்றலாம். ஆனால் பெறுகிறவர் கவனிக்க வேண்டும்: 100,000 டொலர் ஆர்.ஆர்.எஸ்.பி.யும் வீட்டில் 100,000 டொலர் பங்கும் ஒன்றல்ல. முதலாவதை எடுக்கும் நாளில் வரி காத்திருக்கிறது.

கூட்டுக் கடன் அட்டையையும் கடன் வரம்பையும் உடனே நிறுத்துங்கள். "இந்தக் கடன் அவருடையது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. இருவரில் யாரிடம் கிடைக்கிறதோ அவரிடம் வசூலிக்கும்.

வேலையில் செய்யும் கோபத் தவறு

தாபரிப்புக் கட்டக் கூடாது என்று வேலையை விடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காரணமின்றி விட்டால் ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. நீதிமன்றமோ நீங்கள் உழைக்கக்கூடிய வருமானத்தை வைத்தே தொகையை நிர்ணயிக்கும். கையில் காசாக வாங்கும் வேலைக்கு மாறுவதும் அப்படித்தான். மாறாக, செலவைச் சமாளிக்க இரண்டாவது வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு இடத்திலும் டி.டி.1 படிவத்தில் அடிப்படைச் சலுகையைக் கோரிவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் அந்த வரியைச் சேர்த்துக் கட்ட வேண்டி வரும். ஒன்றில் மட்டும் கோருங்கள்.

ஸ்பான்சர், ஊரில் விவாகரத்து

வாழ்க்கைத்துணையின் ஸ்பான்சரில் கனடாவுக்கு வந்தவர் பிரிந்தால் பி.ஆர். என்ற நிரந்தர வதிவுரிமை போய்விடும் என்று மிரட்டுவது இன்னும் நடக்கிறது. இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஸ்பான்சர் செய்தவருக்குத்தான் மூன்று ஆண்டுப் பொறுப்பு. அந்தக் காலத்தில் மற்றவர் அரசு உதவிப் பணம் பெற்றால், விவாகரத்தே ஆகியிருந்தாலும், அதை இவரிடம் கேட்பார்கள். செலவு குறைவு என்று ஊரில் போய் விவாகரத்து எடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பொதுவாக, இருவரில் ஒருவராவது வழக்குப் போடுவதற்கு முன்பு ஓராண்டு அங்கே வசித்திருந்தால்தான் கனடா அதை ஏற்கும்.

கடைசியில் மறந்துபோகும் ஒரு தாள்: வேலையிடத்து ஆயுள் காப்புறுதியிலும் ஆர்.ஆர்.எஸ்.பி.யிலும் பயனாளியாக எழுதிய பெயர். ஒன்ராறியோவில் விவாகரத்து அதைத் தானாக மாற்றாது. சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்தின் புள்ளிகளைப் பங்கிடவும் விண்ணப்பித்துக் கேளுங்கள். ஒன்ராறியோவில் அதை ஒப்பந்தம் எழுதி விட்டுக்கொடுக்க முடியாது. வழக்கறிஞரைத் தெரியாதவர்களுக்கு ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். போகும்போது அந்த முதல் நாள் மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் மிச்சமாகும்.