தமிழ்ப் பூசை குறைகிறதா? பங்குப் பேரவைக்குப் போகுமுன்

"நம்ம பூசைய மாசத்துக்கு ரெண்டா ஆக்கிட்டாங்க" என்ற புலம்பல் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல கத்தோலிக்கக் கோயில் கன்டின்களில் கேட்பதுதான். ஜாலான் ராபர்ட்சன் புனித அந்தோணியார் ஆலயம், பினாங்கு ரோடு புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் போலத் தமிழர்களுக்கென்றே எழுந்த கோயில்கள் சில உண்டு. மற்ற பங்குகளில், அதாவது ஒரு பாதரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்களில், நான்கு மொழிக்காரர்களும் ஒரே பீடத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். கோபம் நியாயமானதே. ஆனால் கன்டின் பேச்சு, பாதருக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையின் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறாது.

முதலில் பாதரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். திருச்சபைச் சட்டம் 905-இன்படி, பொதுவாக ஒரு குரு நாளுக்கு ஒரு பூசைதான் வைக்கலாம். குருக்கள் குறைவான இடத்தில் ஆயர் அனுமதியோடு இரண்டு வைக்கலாம். ஞாயிறும் கடன் திருநாளும் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்) தேவையிருந்தால் மூன்று. சனி மாலைப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் சேரும். ஆக, ஒரே பாதர் உள்ள பங்கில் வார இறுதிக்கு நான்கு இடம், மிஞ்சினால் ஐந்து. அதற்குள் ஆங்கிலம், மாண்டரின், தமிழ், மலாய் நான்கும் அடங்க வேண்டும். சிற்றாலயம் ஒன்று இருந்தால் ஓர் இடம் அங்கே போய்விடும். "இன்னொரு பூசை வையுங்கள்" என்று கேட்டால், அவரால் தர முடியாததைக் கேட்டதாகிவிடும். எந்த இடத்தை, எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள்.

அடுத்தது தலை எண்ணுவது. தொடர்ந்து ஆறு தமிழ்ப் பூசைகளில் எண்ணுங்கள். பூசை தொடங்கும்போது எண்ணினால் கணக்கு பொய்யாகும். நம் ஆட்கள் பாதிப்பேர் வாசகத்தின்போதுதான் வந்து சேர்வார்கள். காணிக்கை எடுக்கும் நேரமே சரி. ஆளுக்கொரு எண்ணும் கருவியோடு இருவர், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். வெளியே குழந்தையோடு நிற்பவர்களை மூன்றாமவர் எண்ணட்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ், இளையோர், பெரியவர், அறுபதைத் தாண்டியவர் என்று நான்கு கட்டம் போதும். பள்ளி விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரங்களை விட்டுவிடுங்கள். சூலை 26 புனித அன்னாள் திருநாளை ஒட்டிய ஞாயிறுகளும் வேண்டாம். பலர் புக்கிட் மெர்தாஜாம் அன்னாள் ஆலயத்தில் இருப்பார்கள். கூட்டம் நிரம்பிய ஒரே ஒரு ஞாயிற்றைக் காட்டி வாதாடினால் அடுத்த மாதமே குட்டு வெளிப்படும்.

எண்ணிக்கையைவிடப் பூசையைக் காப்பாற்றுவது ரோஸ்டர்தான், அதாவது யார் எந்த வாரம் எந்தப் பணி என்ற பட்டியல். தமிழ்ப் பூசை நின்றுபோகும் இடங்களில் மக்கள் வராததைவிட, செய்ய ஆள் இல்லாததே பெரும்பாலும் முதல் காரணம். ஒரு ஞாயிறு பூசைக்கு வாசகர் இருவர், பதிலுரைப்பாடல் பாட ஒருவர், மன்றாட்டுக்கு ஒருவர், பாடகர் ஆறு பேர், கீபோர்டு ஒருவர், பீடச் சிறுவர் நால்வர், நற்கருணை கொடுக்க இருவர், ஒழுங்கு பார்க்கும் வார்டன் நால்வர், திரைக்கு ஒருவர் வேண்டும். கூட்டினால் இருபத்திரண்டு. இதையே இரண்டு அணியாகப் பிரித்தால்தான் ஆள் களைக்காது. நடப்பில் என்ன? அதே அக்கா வாசிப்பார், அவரே பாட்டைத் தொடங்குவார், அவர் கணவரே வார்டன். அவர்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் பூசை தள்ளாடும். அதைப் பாதர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இளையோரைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. திரையில் பாட்டுவரிகளைத் தமிழிலும், கீழே ரோமன் எழுத்திலும் போடுங்கள். இது தமிழுக்கு இழுக்கு என்று சில பெரியவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளை பதினெட்டு வயதில் ஆங்கிலப் பூசைக்குப் போய்விடும். பாதருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் பூசைச் செபங்களையும் அப்படியே எழுதிக் கொடுக்கலாம். மறையுரை மட்டும் சட்டம் 767-இன்படி குருவுக்கோ தியாக்கோனுக்கோ உரியது. பொதுநிலையினர் அதை ஏற்று நடத்த முடியாது. பாதர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க ஆள் கொடுக்க முன்வாருங்கள்.

இனி கடிதம். ஒரே பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். பங்குத்தந்தைக்கு எழுதி, நகலைப் பேரவைத் தலைவருக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தொனி இப்படி இருக்கலாம்: "அன்பார்ந்த பாதர், கடந்த ஆறு தமிழ்ப் பூசைகளின் எண்ணிக்கையை இணைத்துள்ளோம். இரண்டு பணி அணிகளுக்கான பெயர்ப்பட்டியலும் உள்ளது. வாராந்தரப் பூசையை மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதி கேட்கிறோம். நேரத்தை மாற்றவும் தயார்." கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிப்பது சட்டம் 212 நமக்குத் தரும் உரிமை, சில வேளை கடமையும்கூட. அதற்காகச் சட்ட எண்ணைக் கடிதத்தில் போட வேண்டியதில்லை. வக்கீல் நோட்டீஸ் வாசனை வந்துவிடும்.

முந்நூறு கையெழுத்து வாங்கி ஓடாதீர்கள். அதில் இருநூறு பேர் ஆங்கிலப் பூசைக்குப் போகிறவர்கள் என்பது பாதருக்குத் தெரியும். பணி அணியில் சேர்ந்த நாற்பத்து நான்கு பேரின் பெயருக்கு அதைவிடக் கனம் அதிகம். வாட்சாப்பில் பரப்புவது, பாதரைத் தாண்டி நேரே ஆயருக்குப் போவது, "காணிக்கை உறை போட மாட்டோம்" என்று மிரட்டுவது, மூன்றுமே கதவை மூடும். பணத்தைப் பற்றிக் கேள்வி இருந்தால் தனியாகக் கேளுங்கள். பங்குக்கு நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம் 537. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அதற்கே செலவிட வேண்டும் என்கிறது 1267. பூசை நேரத்தோடு இதைக் குழப்பினால் இரண்டும் கெடும்.

கூட்டத்தில் இருவர் பேசினால் போதும்: ஒரு பெரியவர், ஓர் இளையவர், மொத்தம் ஐந்து நிமிடம். வாக்கெடுப்பு கேட்காதீர்கள். சட்டம் 536-இன்படி பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு, முடிவு பாதருடையது. இது எரிச்சலூட்டும்தான். 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், இத்தகைய பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆனாலும் இறுதிச் சொல் யாருடையது என்பது மாறவில்லை. அதனால் சோதனைக் காலமும் மறுபார்வைத் தேதியும் மினிட்ஸில் ஏறுவதே உங்கள் இலக்கு. அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் வாசிக்கும்போது அது விடுபட்டிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆள் போதாது என்றால் ரோஸ்டரைச் சரிசெய்து ஆறு மாதம் கழித்து மீண்டும் வாருங்கள். குரு இல்லை என்றால், மாதம் ஒருமுறை தமிழ் தெரிந்த குருவை வெளியிலிருந்து அழைக்க அனுமதி கேளுங்கள். போக்குவரத்தையும் சாப்பாட்டையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் மட்டும், முத்திரையிட்ட நகலோடு ஆயர் இல்லத்துக்கு எழுதலாம். இடைப்பட்ட காலத்தில் பிஇசி (வீடுகளில் கூடும் அடிப்படைக் கிறிஸ்தவக் குழு) கூட்டங்களைத் தமிழில் நடத்துங்கள்; அதற்குக் குரு தேவையில்லை, அடுத்த வாசகரும் பாடகரும் அங்கிருந்துதான் வருவார்கள்.

அனுமதி கிடைத்தால் எண்ணுவதை நிறுத்தாதீர்கள். முதல் வாரம் கோயில் நிரம்பும், ஐந்தாவது வாரம் இறங்கும், அது எங்கும் நடப்பது. பன்னிரண்டாவது வாரத் தாளைப் பேரவைச் செயலாளர் கேட்குமுன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள், இறங்கிய வாரங்களை அழிக்காமல்.