பூஞ்சைகளைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் பெயர் பெற்ற பூஞ்சை இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். உலகில் உள்ளவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என 2017-இல் வெளியான கணிப்பு சொல்கிறது. அதனால் முதன்முறை காட்டுக்குள் போகிறவர் கையிலும் பெயரில்லாத இனம் ஒன்று சிக்கலாம். சிக்கியும் வீணாவதை மழைக்காலம்தோறும் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைத்தான் புதியவர்களும் செய்கிறார்கள். கேமரா, காலணி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

பெயர் கிடைத்ததும் காளானை எறிந்துவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். படம் எடுக்கிறார்கள், கையேட்டைப் புரட்டிப் பெயர் வைக்கிறார்கள், காளான் குப்பைக்குப் போகிறது.

ஓர் இளைஞர் பல பருவங்களில் எடுத்த படங்களோடு வந்தார். ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியம். பட்டியலில் 'கானோடெர்மா லூசிடம்' அடிக்கடி வந்தது. இங்கிலாந்தில் கண்ட பூஞ்சைக்கு 1781-இல் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. கிழக்காசியாவில் அதே பெயரில் மருந்துக்காக வளர்க்கப்படுவது வேறு இனம் என்பது பின்னாளில் தெளிவானது. அப்படியானால் இவர் கண்டது எது? உலர்ந்த துண்டு ஒன்று இருந்திருந்தால் ஸ்போர்களை, அதாவது வித்துத்தூள்களை, நுண்ணோக்கியில் பார்த்திருக்கலாம், டிஎன்ஏ எடுத்திருக்கலாம். ஒன்றுகூட இல்லை. அத்தனை பதிவையும் 'கானோடெர்மா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் உழைப்பை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

இழப்பு ஆய்வோடு முடிவதில்லை. அரிய இனம் ஒன்று பரவலான இனத்தின் பெயருக்குள் மறைந்துகிடந்தால், அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்க்கச் சொல்லி எப்படிக் கேட்பது? பொது டிஎன்ஏ தரவுத்தளங்களிலும் தவறான பெயரோடு ஏராளமான டிஎன்ஏ வரிசைகள் கிடக்கின்றன. மாதிரி இல்லாதவற்றைத் திருத்த வழியில்லை.

ஆகவே, எடுத்த அன்றே உலர்த்துங்கள். காற்றோட்டமுள்ள உலர்த்தியில் 40 டிகிரி செல்சியஸ் போதும். அதிகம் சூடாக்கினால் வெந்துவிடும். ஒடித்தால் நொறுங்கும் பதம் வந்ததும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாமல் மூடி வையுங்கள். படம், குறிப்பு, பொட்டலம் மூன்றுக்கும் ஒரே எண். பிறகு அதை வீட்டு அலமாரியில் முடக்காமல், உலர் மாதிரிகளைப் பாதுகாக்கும் பொது ஹெர்பேரியம் ஒன்றில் ஒப்படையுங்கள்.

தண்டைப் பிடித்து இழுப்பது

அமானிட்டா என்ற காளான் பேரினத்தை அடையாளம் காட்டும் அடியுறை, அதாவது தண்டின் அடியைச் சூழ்ந்த பை, மண்ணிலேயே தங்கிவிடும். கத்தியால் நெம்பி எடுங்கள்.

பிளாஸ்டிக் பை

வேண்டாம். காகிதப் பை.

எதன்மேல், எதனருகே என்று எழுதாமல் விடுவது

பல காளான்கள் குறிப்பிட்ட மரங்களின் வேரோடு கூட்டுவாழ்வு நடத்துபவை. 'காட்டில், தரையில்' என்று மட்டும் எழுதிய குறிப்பால் பயனில்லை. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் இலையையும் பட்டையையும் படமெடுங்கள். மட்கிய கட்டையா, சாணமா, பூச்சியின் உடலா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீடு திரும்பியதும் நினைவு குழப்பும்.

குடைக்காளானை மட்டும் தேடுவது

பெரும்பாலான பூஞ்சைகள் குடை விரிப்பதே இல்லை. இலையில் துரு நோய் உண்டாக்குபவை, பாசியோடு கூடி வாழ்ந்து பாறையில் படரும் லைக்கன்கள், மண்ணிலும் நீரிலும் வாழ்பவை எல்லாம் நாட்டின் பூஞ்சைப் பட்டியலில் சேர வேண்டியவை. கைலென்ஸோடு போங்கள், இலைகளின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.